குத்து! உதை! மூக்கு உடைந்தது! மைதானத்தில் போலீஸ்! சிவப்பு அட்டையைக் கண்டுபிடித்த ரெப்ரியின் கதை

பாரிமுனையில் இருந்து பஸ் புறப்படுகிறது. சிக்னலில் மஞ்சள் விளக்கு எரிகிறது. டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். சிவப்பு விழுந்ததும் "சடக்" என்று பிரேக் போடுகிறார். இதற்குப் படிப்பு வேண்டாம். பாஷை வேண்டாம். தமிழனுக்கும் புரியும், சேட்டுக்கும் புரியும், சீமைத் துரைக்கும் புரியும்.

கால்பந்து மைதானத்திலும் இதே கதைதான். ரெப்ரி சட்டைப் பையில் கையை விட்டு மஞ்சள் அட்டையை எடுத்தால், "தம்பி, ஜாக்கிரதை" என்று பொருள். சிவப்பு அட்டையை எடுத்தால், "நடையைக் கட்டு" என்று பொருள்.

இந்த அட்டை, சிக்னல் விளக்கைப் பார்த்துத்தான் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல. ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் கென் ஆஸ்டன். இங்கிலாந்துக்காரர்.

அட்டையைக் கண்டுபிடித்த பெருமை அவருக்கு உண்டு. ஆனால் உலகக் கோப்பை வரலாற்றிலேயே படுமோசமான ஆட்டத்துக்கு ரெப்ரியாக இருந்தவர் என்ற கெட்ட பெயரும் அவருக்கே உண்டு. அவர் ஆயுள் முழுக்க அந்த ஒரு பகல் பொழுதைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வாத்தியார் கையில் விசில்

கென் ஆஸ்டன் 1915-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதி இங்கிலாந்தில் கோல்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்து, லண்டனை அடுத்த இல்போர்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தார். பையன்கள் ஆட்டத்துக்கு விசில் ஊத ஆள் வேண்டாமா? ஊதினார். அதில் ருசி கண்டு, 1936-ல் பரீட்சை எழுதி முறைப்படி ரெப்ரி ஆனார்.

அந்தக் காலத்து ரெப்ரிகளுக்கு விசில் ஊதி வயிறு நிறையாது. எல்லோருக்கும் ஒரு சொந்த வேலை இருக்கும். ஒருவர் தையல்காரர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் வாத்தியார். வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமை விசில். ஆஸ்டன் 1953-ல் ஹெட்மாஸ்டராகவும் ஆகிவிட்டார்.

நடுவில் இரண்டாம் உலகப்போர் வந்தது. விமானப்படையில் சேரப் போனார். கணுக்காலில் அடிபட்டிருந்ததால் "முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். பீரங்கிப் படையில் சேர்ந்தார். பிறகு அங்கிருந்து மாறி வந்த இடம் எது தெரியுமா? நம் நாட்டு ராணுவம்! அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். போர் முடிந்ததும் சிங்கப்பூரில் சாங்கியில் நடந்த போர்க்குற்ற விசாரணைக் கோர்ட்டிலும் இருந்தார்.

அப்புறம் ஊருக்குத் திரும்பி மறுபடியும் விசிலை எடுத்தார். ஆள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. கண்ணில் பட்டதை எல்லாம் சீர்திருத்த வேண்டும் என்ற அரிப்பு அவருக்கு உண்டு.

1946-ல் கறுப்புச் சட்டையில் வெள்ளை ஓரம் வைத்துப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். பின்னால் அதுவே ரெப்ரிகளின் சீருடை ஆகிவிட்டது. மறு ஆண்டு லண்டனில் மூடுபனி. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. லைன்ஸ்மேன் கொடியை ஆட்டினால் எப்படித் தெரியும்? அப்போதெல்லாம் உள்ளூர் கிளப்பின் நிறத்தில்தான் கொடி இருக்கும். பச்சைப் புல்லில் பச்சைக் கொடி என்றால் கேட்கவே வேண்டாம். "பளிச்" என்று மஞ்சள் நிறத்தில் கொடி செய்து கொடுத்தார் ஆஸ்டன். இதுவும் நிலைத்துவிட்டது.

1960-ல் ஐரோப்பிய சாம்பியனான ரியல் மாட்ரிட்டும், தென் அமெரிக்க சாம்பியனான பெனரோலும் மோதிய போட்டியின் இரண்டாவது ஆட்டத்துக்கு அவரைத்தான் ரெப்ரியாகப் போட்டார்கள். அதாவது, 1962 உலகக் கோப்பைக்குப் போகும்போது அவர் கற்றுக்குட்டி இல்லை. வயது 46. முதல் தரமான ரெப்ரி என்று பெயர் எடுத்தவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பத்திரிகை மூட்டிய தீ

1962 உலகக் கோப்பை தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் நடந்தது. பாவம், சிலி. 1960-ம் ஆண்டு மே மாதம் அங்கே ஏற்பட்ட பூகம்பம்தான் இதுவரை கருவிகள் பதிவு செய்ததிலேயே மிகப் பெரியது. அளவு 9.5. ஊர்கள் சரிந்தன. கடல் பொங்கி உள்ளே வந்தது. "இனி இவர்கள் எங்கே உலகக் கோப்பை நடத்தப் போகிறார்கள்" என்று உலகமே நினைத்தது. விடவில்லை சிலிக்காரர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டேடியம் கட்டினார்கள். போட்டிக் குழுத் தலைவர் கார்லோஸ் டிட்போர்ன் ஓடி ஓடி உழைத்தார். போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது இறந்தே போனார். வயது 38.

இந்த நேரத்தில் இத்தாலியில் இருந்து வந்த இரண்டு நிருபர்கள் தங்கள் பத்திரிகைகளில் சிலியைப் பற்றி எழுதினார்கள். தலைநகர் சாண்டியாகோவில் டெலிபோன் வேலை செய்யாது, டாக்சி கிடைக்காது, எங்கே பார்த்தாலும் வறுமை என்று வெளுத்துக் கட்டினார்கள். அதோடு நின்றார்களா? ஊர்ப் பெண்களைப் பற்றியும் கேவலமாக எழுதிவிட்டார்கள்.

சிலி பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. ஊர் கொதித்தது. எழுதிய இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆடப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். சிலியும் இத்தாலியும் ஒரே பிரிவில்!

இன்னொரு கோபமும் இருந்தது. இத்தாலி அணியில் தென் அமெரிக்காவில் பிறந்தவர்கள் இருந்தார்கள். மாஷியோ அர்ஜென்டினாவில் பிறந்தவர். அல்தபினி பிரேசிலில் பிறந்தவர். "எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள்" என்று அந்தக் கண்டத்து மக்களுக்கு ஆத்திரம்.

12 நொடியில் முதல் பவுல்

ஜூன் 2-ந்தேதி. சாண்டியாகோ தேசிய ஸ்டேடியம். 66 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். சமாதானம் செய்யலாம் என்று இத்தாலி ஆட்டக்காரர்கள் வெள்ளைப் பூக்களைக் கொண்டு வந்து ரசிகர்களிடம் வீசினார்கள். பூ அப்படியே திரும்பி வந்தது.

ஆஸ்டன் விசில் ஊதினார். 12 நொடியில் முதல் பவுல்!

8-வது நிமிடம். இத்தாலியின் பெர்ரினி, சிலியின் லாண்டாவை உதைத்தார். "வெளியே போ" என்றார் ஆஸ்டன். பெர்ரினி அசையவில்லை. ஆஸ்டனுக்கு இத்தாலி பாஷை தெரியாது. பெர்ரினிக்கு இங்கிலீஷ் தெரியாது. கையைக் காட்டுகிறார், வாசலைக் காட்டுகிறார். ஆள் நகர்ந்தால்தானே? ஆட்டம் நிமிடக்கணக்கில் நின்றது. கடைசியில் போலீசார் உள்ளே வந்து பெர்ரினியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் ஆஸ்டனின் கணக்கில் அழிக்க முடியாத கறை.

சிலியின் நட்சத்திர ஆட்டக்காரர் லியோனல் சாஞ்சஸ். இவருடைய அப்பா குத்துச்சண்டைக்காரர். கோட்டு ஓரத்தில் சாஞ்சஸ் கீழே விழுந்து கிடக்கிறார். பந்து அவர் காலிடுக்கில். இத்தாலியின் மரியோ டேவிட் பந்தை உதைக்கிறேன் என்று ஆளையும் சேர்த்து உதைக்கிறார். எழுந்தார் சாஞ்சஸ். விட்டார் ஒரு குத்து. டேவிட் சுருண்டு விழுந்தார்.

லைன்ஸ்மேன் பக்கத்திலேயே நிற்கிறார். படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கொடி அசையவில்லை. ஆஸ்டன் ஓடி வந்தார். சாஞ்சசை வெளியே அனுப்பவில்லை!

டேவிட் சும்மா இருப்பாரா? சில நிமிடம் கழித்து, பறந்து போய் சாஞ்சசின் தலை அருகே ஓர் உதை விட்டார். இது ஆஸ்டன் கண்ணில் பட்டது. டேவிட் வெளியே. இடைவேளைக்கு முன்பே இத்தாலிக்கு 9 பேர்தான் மிச்சம்.

சாஞ்சஸ் அதோடு விட்டாரா என்றால், இல்லை. மாஷியோவுக்கு இடது கையால் ஒன்று கொடுத்தார். மூக்கு உடைந்தது. அதற்கும் தண்டனை இல்லை. எச்சில் துப்பினார்கள், கட்டிப் புரண்டார்கள். போலீசார் மீண்டும் மீண்டும் உள்ளே வந்து பிரித்துவிட்டார்கள்.

9 பேரோடு இத்தாலி 73-வது நிமிடம் வரை தாக்குப்பிடித்தது. பிறகு ராமிரெஸ் ஒரு கோல், 87-வது நிமிடத்தில் டோரோ ஒரு கோல். சிலி 2, இத்தாலி 0. அந்த ஆட்டத்துக்கு "சாண்டியாகோ போர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்போது சாட்டிலைட் ஒளிபரப்பு கிடையாது. பிலிம் சுருள் விமானத்தில் லண்டன் போய்ச் சேர்ந்து, சில நாள் கழித்துத்தான் பி.பி.சி. டெலிவிஷனில் காட்டினார்கள். அறிவிப்பாளர் டேவிட் கோல்மன் முதலிலேயே, "இதைவிட வெட்கக்கேடான, அருவருப்பான ஆட்டம் கிடையாது" என்ற அர்த்தத்தில் திட்டிவிட்டுத்தான் படத்தையே போட்டார்.

நிறுத்தி இருக்கலாமா?

"ரெப்ரி விலை போய்விட்டார்" என்றது இத்தாலி. "ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு" என்பது போலத்தான் அவர்களுக்குத் தோன்றியது. தோன்றாதா பின்னே? குத்தியவன் உள்ளே, உதைத்தவன் வெளியே!

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மூன்று நாள் முன்பு, மே 30-ந்தேதி, சிலியும் சுவிட்சர்லாந்தும் ஆடிய ஆட்டத்துக்கும் ஆஸ்டன்தான் ரெப்ரி. சிலி 3-1 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் அடித்தவர் இதே சாஞ்சஸ். சந்தேகப்படுகிறவனுக்கு இது போதாதா?

ஆனால் ஆஸ்டன் காசு வாங்கினார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அவர் பின்னாளில் சொன்ன விளக்கம் வேறு. "கஷ்டமான ஆட்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், நடத்தவே முடியாத ஆட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை" என்றார். கூட இருந்த லைன்ஸ்மேன்கள் ஒருவர் மெக்சிகோ, ஒருவர் அமெரிக்கா. அவர்கள் சரியில்லை; 22 பேருக்கு எதிராக நான் ஒருவன் என்ற நிலை ஆகிவிட்டது என்றார். "நான் கால்பந்துக்கு ரெப்ரியாக இல்லை, ராணுவ ஒத்திகைக்கு நடுவராக இருந்தேன்" என்றும் சொன்னார்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டார்கள். அது அவர் மனதிலும் தோன்றியிருக்கிறது. "நிறுத்தி இருந்தால் இத்தாலி ஆட்டக்காரர்களின் உயிருக்கு யார் பொறுப்பு?" என்பதுதான் அவர் பதில்.

யோசித்துப் பாருங்கள். 66 ஆயிரம் பேர். எல்லோரும் கொதித்துப் போயிருக்கிறார்கள். பாதியில் விசிலை ஊதி, "ஆட்டம் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொன்னால் என்ன நடந்திருக்கும்? நிறுத்தாமல் விட்டது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சாஞ்சசை உள்ளே வைத்திருந்தது தப்புதான். லைன்ஸ்மேன் மேல் பழியைப் போட்டு அதைக் கழுவிவிட முடியாது. குத்து வாங்கியவன் கீழே கிடக்கிறான், குத்தியவன் எதிரே நிற்கிறான். ஒரு ஹெட்மாஸ்டருக்கு இது தெரியாதா? வகுப்பில் எத்தனை பார்த்திருப்பார்!

அந்த உலகக் கோப்பையில் ஆஸ்டன் அதன் பிறகு விசில் ஊதவில்லை. இத்தாலி முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. சிலி மூன்றாவது இடம் பிடித்தது. சாஞ்சஸ் 4 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவர்கள் வரிசையில் சேர்ந்தார்.

ஆஸ்டனை இங்கிலாந்து கைவிடவில்லை. 1963 மே மாதம் வெம்பிளியில் நடந்த எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அவரை ரெப்ரி ஆக்கினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் 3, லெஸ்டர் சிட்டி 1. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. 47 வயதில் அதோடு விசிலை வைத்துவிட்டார்.

சிக்னலில் வந்த யோசனை

விசிலை வைத்தாரே தவிர, மைதானத்தை விடவில்லை. உலகக் கால்பந்து சங்கத்தின் ரெப்ரி கமிட்டிக்குப் போனார். 1966 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தபோது ரெப்ரிகளுக்கு எல்லாம் அவர்தான் மேலாளர்.

ஜூலை 23-ந்தேதி. வெம்பிளி. கால் இறுதி. இங்கிலாந்து - அர்ஜென்டினா. ரெப்ரி, ஜெர்மனியைச் சேர்ந்த கிரைட்லைன். தொழில் தையல். ஆள் குள்ளம். அர்ஜென்டினா கேப்டன் ரட்டினோ நெட்டை. ரட்டின் ஓயாமல் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். கிரைட்லைனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. கோபம் தலைக்கேறி, "வெளியே போ" என்று கையைக் காட்டிவிட்டார் தையல்காரர்.

"மொழிபெயர்க்க ஆள் கூப்பிடத்தான் சொன்னேன்" என்றார் ரட்டின். போகமாட்டேன் என்று நின்றுவிட்டார். அணியே சூழ்ந்துகொண்டது. பல நிமிடம் ஆட்டம் இல்லை. ஆஸ்டனே மைதானத்துக்குள் இறங்கிப் போய், ரட்டினிடம் பேசி, நல்லபடியாக வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. வந்த ரட்டின் நேராகப் போய், மகாராணிக்கு விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்!

4 வருடத்துக்கு முன்பு சாண்டியாகோவில் தான் பட்ட பாடு ஆஸ்டனுக்கு அப்போது ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

கூத்து இதோடு முடியவில்லை. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் அண்ணன் தம்பி இருவருக்கும் கிரைட்லைன் எச்சரிக்கை கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் அது அவர்களுக்கே தெரியாது! மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். "என் பேரை எழுதினாரா, இல்லையா?" என்று ஜாக் சார்ல்டன் போன் போட்டு விசாரிக்கும் நிலை.

எழுதப்பட்டவனுக்கே தெரியாத எச்சரிக்கையால் என்ன பிரயோஜனம்?

இதே யோசனையோடு ஆஸ்டன் காரை ஓட்டிக்கொண்டு போனார். லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட். சிக்னலில் மஞ்சள் விழுந்தது. அப்புறம் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினார். மண்டைக்குள் பல்பு எரிந்தது. மஞ்சள் என்றால் நிதானம். சிவப்பு என்றால் நிறுத்து, நீ வெளியே! எந்த நாட்டுக்காரனுக்கும் இதை மொழிபெயர்க்க வேண்டாம்.

வீட்டுக்குப் போய் மனைவி ஹில்டாவிடம் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே போய், கெட்டிக் காகிதத்தில் சட்டைப் பைக்கு அளவாக இரண்டு அட்டை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாராம். பேர் புருஷனுக்கு. வெட்டிய கை மனைவியுடையது.

முதல் சிவப்பு யாருக்கு?

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. மே 31-ந்தேதி நடந்த முதல் ஆட்டத்திலேயே, மெக்சிகோ - ரஷியா மோதலில், மஞ்சள் அட்டை தலைகாட்டியது. ஆனால் சிவப்பு அட்டைக்கு வேலையே இல்லை. அந்தப் போட்டி முழுவதும் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. பையில் அட்டை இருக்கிறது என்ற பயமே போதும் போல் இருக்கிறது.

4 ஆண்டு காத்திருந்தது சிவப்பு. 1974 ஜூன் 14-ந்தேதி. பெர்லின். மேற்கு ஜெர்மனி ஆட்டம். துருக்கி நாட்டு ரெப்ரி பாபகான் பைக்குள் கையை விட்டார். உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டை! வாங்கியவர் கார்லோஸ் காஸ்ஸெலி. எந்த நாட்டுக்காரர் என்கிறீர்களா? சிலி!

1962-ல் சிலிக்காரருக்குக் கொடுக்கத் தவறியதை 12 வருடம் கழித்து வட்டியோடு கொடுத்தது போல் ஆகிவிட்டது.

ஆஸ்டனின் சொந்த நாட்டில்தான் அட்டைக்கு மரியாதை தாமதமாக வந்தது. இங்கிலாந்து லீக்கில் 1976 அக்டோபரில் கொண்டு வந்தார்கள். "ரெப்ரிகள் சினிமா நடிகர் மாதிரி அட்டையை ஆட்டுகிறார்கள்" என்ற புகாரால் 1981-ல் எடுத்துவிட்டார்கள். 1987-ல் மறுபடியும் கொண்டு வந்தார்கள். இன்றைக்கு ஹாக்கியிலும் அட்டை, நம்ம ஊர் கபடியிலும் அட்டை. அங்கே பச்சையும் சேர்ந்துகொண்டது.

ரெப்ரிக்குக் காலில் சுளுக்கு என்றால் ஆட்டத்தை யார் நடத்துவது? மாற்று ரெப்ரி ஒருவர் தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னதும் ஆஸ்டன்தான். கோட்டுக்கு வெளியே நான்காவது நடுவர் நிற்கிறாரே, அவருக்கு முன்னோடி அந்த யோசனை. மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது எண் பலகையைத் தூக்கிக் காட்டுவதும் 1974-ல் அவர் கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கவனியுங்கள். கொடி, அட்டை, பலகை. எல்லாமே, வாயால் சொல்லிப் புரியாததைக் கண்ணுக்குக் காட்டுகிற வேலைதான்.

வயதான காலத்தில் அமெரிக்கா போய், சிறுவர் கால்பந்துக்கு விசில் ஊதும் ஆட்களுக்கு வருடா வருடம் பாடம் நடத்தினார். மறுபடியும் வாத்தியார் வேலை! 1997-ல் எலிசபெத் மகாராணியின் எம்.பி.இ. பட்டம் கிடைத்தது.

2001-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி ஆஸ்டன் காலமானார். வயது 86. அடுத்த ஆண்டு ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பை நடந்தது. அதில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டு கோமளீஸ்வரன் சங்கர்.